கண்கட்டும் பழிச்சொல்லும்: திரையில் சூனியக்காரி

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைகள் வரிசையாக நிற்கும் வீதிகள், திரைப்படக்காரர்களுக்கு நெடுங்காலமாகவே உகந்தவை. மஞ்சள் பூசிய மதில், உயர்ந்த சாளரம், காகிதப்பூக் கொடி படர்ந்த வாயில் என்று அவ்வீதிகள் பெரும்பாலும் காதற் பாடல்களுக்கே பயன்பட்டு வந்தன. 2013-இல் தீபன் சக்ரவர்த்தி இயக்கத்தில் வெளிவந்த ‘பீட்சா 2: வில்லா’ இதே ஊரை வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டது. இளம் எழுத்தாளன் ஒருவன், தந்தை விட்டுச்சென்ற புதுச்சேரி மாளிகைக்கு வருகிறான். தந்தை வரைந்த ஓவியங்கள் அங்கே அவனுக்குக் கிடைக்கின்றன. நடந்தவையும் நடக்கவிருப்பவையும் அவற்றில் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்த வீட்டிலேயே ஒரு தீய ஆற்றல் குடிகொண்டிருக்கிறது என்பதே கதையின் அடிப்படை.

இப்படத்தின் குறைநிறைகளைப் பட்டியலிடுவது நம் நோக்கமன்று. தீமை எங்கே குடியிருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு நம் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அளித்துவரும் விடையையே இங்குக் காண விரும்புகிறோம். ‘வில்லா’ அளித்த விடை ஓரளவு தீங்கற்றது. பழியை அது சுவர்களின் மேல் போட்டது. அந்த வீடு எத்தகைய வீடு என்பதை மட்டும் நாம் கவனித்தல் வேண்டும்.

வெள்ளையர் நகரம் என்றும் கறுப்பர் நகரம் என்றும் ஒரு கால்வாயால் பிரிக்கப்பட்டிருந்த ஊர் இது. 1954-இல் ஆட்சி கைமாறிய பின் மாளிகைகளின் பழைய உரிமையாளர் பலர் கப்பலேறிவிட்டனர். அவர்களுடைய வீடொன்றில் தீய ஆற்றல் உறைந்திருந்ததாகக் கதை சொன்னால் மறுத்துரைக்க எவரும் வரப்போவதில்லை. கால்வாய்க்கு மேற்கே, முல்லா வீதியிலோ காஜியார் வீதியிலோ உள்ள ஒரு வீட்டைக் காட்டி அவ்வாறு சொன்னால், மறுநாளே வீட்டுக்காரர் வந்து விளக்கம் கேட்பார். பழி சுமப்பவர் பதில் சொல்ல இயலாதவராக இருக்க வேண்டும் என்பது இவ்வகைக் கதைகளின் எழுதப்படாத விதி. ஊரைவிட்டுப் போன அந்நியன், இறந்துபட்ட ஜமீன்தார், ஊர்ப்புறத்தில் தனித்து வாழும் கிழவி ஆகிய மூவரும் திரைக்கதையில் மீண்டும் மீண்டும் வருவது இவ்விதியின்படியே. இம்மூவருள் முதலிருவர் வாழ்ந்து முடித்தவர்கள். மூன்றாமவள் இன்னும் உயிரோடு இருப்பவள். ஆகவே அவளைப் பற்றிய கதைதான் ஆபத்தானது.

பேய்க்கு முற்கதை உண்டு

தமிழ்த் திரையில் பேய் வேறு, சூனியக்காரி வேறு. இவ்விரண்டையும் பொதுவாக ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். பேய்ப்படங்களின் மரபு மிக நீண்டது. பி. விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ (1978) தந்திரக் காட்சிகளால் கூட்டத்தை ஈர்த்தது. பி. வாசுவின் ‘சந்திரமுகி’ (2005), ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011) ஆகியன அடுத்த தலைமுறையின் பெருவெற்றிகள். இவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. இடைவேளைக்குப் பின் பேயின் முற்கதை சொல்லப்படும். சந்திரமுகி, வேட்டையன் என்னும் மன்னனால் வலிந்து கொண்டுவரப்பட்ட நாட்டியப்பெண். அவள் காதலனைக் கொன்றபின் அவளையும் அவன் எரித்துவிடுகிறான். காஞ்சனா, பெற்றோரால் ஒதுக்கப்பட்ட திருநங்கை. நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். இம்முற்கதை முடியும்போது அரங்கில் இருப்பவர் பேயின் பக்கம் சாய்ந்துவிடுகின்றனர். கொன்றவன் தண்டிக்கப்பட வேண்டும் என்று அவர்களும் விரும்புகின்றனர்.

சூனியக்காரிக்கு இச்சலுகை இல்லை. அவள் ஏன் அவ்வாறு ஆனாள் என்று கேட்க ஒரு காட்சியும் ஒதுக்கப்படுவதில்லை. விரித்த கூந்தல், கறைபடிந்த பல், மைதீட்டிய கண், சுடுகாட்டுக் குடிசை ஆகியவற்றோடு அவள் வருவாள். ஒரு கட்டத்தில் அழிவாள். இறந்த பெண்ணுக்கு இரங்கும் திரை, உயிரோடிருக்கும் பெண்ணுக்கு இரங்க மறுப்பது ஏன்? இறந்தவள் இனி எதையும் உரிமை கோரப்போவதில்லை. அவளுக்காகக் கண்ணீர் விடுவதற்குச் செலவொன்றும் இல்லை. உயிரோடிருக்கும் கைம்பெண்ணுக்கோ ஒரு துண்டு நிலமும் ஒரு குடிசையும் இருக்கக்கூடும். அவற்றின் மேல் கண் வைத்திருக்கும் உறவினரும் இருக்கக்கூடும்.

மந்திரவாதியின் நிலை இதிலிருந்து மாறுபட்டது. அவன் ஆண், கற்றவன், ஏடு வைத்திருப்பவன், கூலிக்குத் தொழில் செய்பவன். அவனிடம் தீயவனும் உண்டு, நல்லவனும் உண்டு. தீய மந்திரவாதியை வெல்ல நல்ல மந்திரவாதி வருவான். ஆனால் தீய சூனியக்காரியை வெல்ல நல்ல சூனியக்காரி வந்ததாகக் கதைகள் நம்மிடம் அரிது. அமெரிக்கப் படமான ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) கூட நல்லவள் ஒருத்தி, தீயவள் ஒருத்தி என்று இருவரைக் காட்டிற்று.

தொலைக்காட்சித் தொடர்களில் இது இன்னும் நுட்பமாக நடைபெறுகிறது. அங்கே சூனியம் சுடுகாட்டிலிருந்து சமையலறைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மருமகளின் தலைமுடி, ஊசி குத்திய பொம்மை, வாயிற்படியில் கிடக்கும் எலுமிச்சம்பழம் என்று சிறு பொருள்களே போதும். அவற்றை வைப்பவள் மாமியாராகவோ ஓரகத்தியாகவோ கணவனின் பழைய காதலியாகவோ இருப்பாள். நோக்கம் பெரும்பாலும் ஒன்றே: கணவனையும் மனைவியையும் பிரிப்பது. நாள்தோறும் அரைமணி நேரம், ஆண்டுக்கணக்கில், நம் இல்லங்களின் கூடத்தில் ஓடும் இக்கதைகள் பார்வையாளருக்கு ஒரு பழக்கத்தைக் கற்பிக்கின்றன. வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் அதற்குக் காரணமான பெண் யார் என்று தேடும் பழக்கம் அது.

ஃபிர்அவ்னின் அரங்கம்

இவ்விடத்தில் நம் மரபு சூனியத்தை எவ்வாறு காட்சிப்படுத்தியது என்பதை நோக்குவது பயன்தரும். சிஹ்ர் மெய்யா, வெறும் கண்கட்டா என்பது பற்றி அறிஞரிடையே பழங்காலந்தொட்டே கருத்துவேறுபாடு உண்டு. முஃதஸிலாக்களும், ஹனஃபி அறிஞர் அல்ஜஸ்ஸாஸ் போன்றோரும் அதைப் பெரிதும் ஏமாற்றுவித்தை என்றே கொண்டனர். பெரும்பான்மையினர் அதற்கு ஒருவகை விளைவு உண்டென்றும், அவ்விளைவும் இறைவனின் அனுமதிக்கு உட்பட்டதே என்றும் கொண்டனர். தமிழகத்திலும் இவ்விவாதம் சூடாகவே நடந்திருக்கிறது. அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. இரு சாராரும் ஏற்கும் காட்சியமைப்பு ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. அதுவே நமக்குப் போதுமானது.

மூஸா (அலை) அவர்களுக்கு எதிரே ஃபிர்அவ்ன் திரட்டிய சூனியக்காரர்கள் ஊர்ப்புறத்துக் கிழவிகள் அல்லர். அரசவைக்கு அழைத்துவரப்பட்ட தொழில் வல்லுநர்கள். வென்றால் எங்களுக்குக் கூலி உண்டா என்று அவர்கள் கேட்டதாகவும், அரசனுக்கு நெருக்கமானோராகவும் ஆவீர்கள் என்று அவன் வாக்களித்ததாகவும் அல்அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது (7:113-114). அவர்கள் செய்தது மக்களின் கண்களை மயக்கியது (7:116). கயிறுகளும் தடிகளும் நெளிந்தோடுவதாகத் தோன்றின (20:66). அதாவது இங்கே சூனியம் அதிகாரத்தின் ஏவலில், அரசின் செலவில், பெருங்கூட்டத்தின் முன் நிகழ்த்தப்படும் காட்சி. முடிவில் அச்சூனியக்காரர்களே உண்மையை முதலில் உணர்ந்து சிரம் பணிகின்றனர். அவர்களை மாறுகால் மாறுகை வாங்கிக் கழுவேற்றுவேன் என்று மிரட்டுபவன் அரசன். திரைப்படங்கள் எரித்துக் கொல்லும் அதே சூனியக்காரர்களுக்கு, இங்கே மனந்திருந்தும் பெருமை வழங்கப்பட்டிருக்கிறது.

இதனினும் முதன்மையான செய்தி இன்னொன்று உண்டு. மூஸா (அலை) அவர்களையே தேர்ந்த சூனியக்காரர் என்று ஃபிர்அவ்னின் பிரதானிகள் அழைத்தனர் (7:109). மக்கத்துத் தலைவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் அவ்வாறே அழைத்தனர் (38:4). முன்சென்ற தூதர் எவரும் இப்பழிச்சொல்லுக்குத் தப்பவில்லை என்றும் திருமறை பொதுவாகவே கூறிவிடுகிறது (51:52). சூனியக்காரர் என்பது முதலில் ஒரு குற்றச்சாட்டு என்பதும், அதைச் சுமத்துபவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். தன் தூதரே அப்பெயரால் தூற்றப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் ஒரு சமுதாயம், மற்றவர்மேல் அச்சொல் வீசப்படும்போது ஒரு கணமேனும் தயங்க வேண்டும்.

நம் மரபின் விளக்கவுரைகளிலும் பெண்ணை நோக்கிச் சாயும் போக்கு இல்லாமலில்லை. அல்ஃபலக் அத்தியாயத்தில் முடிச்சுகளில் ஊதுவோரைக் குறிக்கும் சொல் பெண்பாற் பன்மையில் அமைந்துள்ளது. அது ஆன்மாக்களைக் குறிக்கும் என்று கொண்டோரும் உண்டு. பெண்களையே குறிக்கும் என்று கொண்டோரும் உண்டு. நபிகள் நாயகத்துக்குச் சூனியம் செய்யப்பட்டதாகக் கூறும் அறிவிப்பில் வருபவன் லபீத் என்னும் ஆண். பிற்கால விரிவுரைகள் சிலவற்றில் அவனுடைய புதல்வியரும் வந்து சேர்ந்துகொண்டனர். கதை கைமாறும்தோறும் பழி பெண்ணை நோக்கி நகர்வது திரைக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை இதனால் அறியலாம்.

வித்தைக்காரரின் பிள்ளை

இனி, திரையின் பிறப்பை நோக்குவோம். பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு வாணிகத் தளத்தை அமைத்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1682-இல், பதினான்காம் லூயி மன்னர் பிரான்சில் ஓர் ஆணை பிறப்பித்தார். பாரிசையே உலுக்கிய நஞ்சூட்டல் வழக்குகளை அடுத்து வந்த அவ்வாணை, சூனியத்தை மெய்யான ஆற்றலாகக் கொள்ளாமல், எளியோரை ஏய்க்கும் மோசடியாகவே நோக்கியது. சட்டம் கைவிட்ட சூனியக்காரியைக் கலை கைவிடவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பாரிசில் அவள் புதிய வாழ்வு பெற்றாள்.

அதற்கு வழி செய்தவர் ஜார்ஜ் மெலியே. தொழிலால் அவர் மேடை வித்தைக்காரர். 1888-இல் ராபேர்-ஊதேன் அரங்கத்தை விலைக்கு வாங்கி நடத்திவந்தார். லூமியேர் சகோதரர்களின் படக்காட்சியைக் கண்டபின், தம் வித்தைகளைப் படச்சுருளுக்கு மாற்றினார். சாத்தானின் மாளிகையைக் காட்டும் அவருடைய சிறு படம் 1896-இல் வெளிவந்தது. ஆள் மறைவதும் புகையிலிருந்து உருவம் எழுவதும் திரையின் முதல் மொழியாயின. விட்டலாச்சார்யா முதல் இன்றைய கணினி வரைகலைக்காரர் வரை அனைவரும் அவருடைய வழித்தோன்றல்கள் எனலாம்.

அவ்வரங்கத்துக்குப் பெயர் தந்த ராபேர்-ஊதேனின் கதையை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1856-இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கிருந்த முராபித்துகள் என்னும் சமயப் பெரியார்களுக்கு மக்களிடையே இருந்த செல்வாக்கு, ஆட்சிக்குத் தலைவலியாக இருந்தது. அவர்களினும் பெரிய வல்லமை பிரெஞ்சுக்காரரிடம் உண்டு என்று காட்டுவதே பயணத்தின் நோக்கம். அல்ஜியர்ஸ் அரங்கில் கூட்டப்பட்ட அரபுத் தலைவர்களின் முன் ஒரு சிறு பெட்டி வைக்கப்பட்டது. வலிமை மிக்க ஒருவர் முதலில் அதை எளிதாகத் தூக்கினார். மறைவில் மின்காந்தம் இயங்கத் தொடங்கியதும் அவரால் அதை அசைக்கவும் முடியவில்லை. மின்னதிர்ச்சியும் சேர்ந்து அவரை அலறவைத்தது. இவையெல்லாம் கைத்திறனே என்று பின்னர் அவர்களுக்கு விளக்கப்பட்டதாக ராபேர்-ஊதேன் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். அச்சம் முதலில், விளக்கம் பின்னர். அதே கொடியின் கீழ் அப்போது புதுச்சேரியும் இருந்தது.

கூலிக்கு அமர்த்தப்பட்ட வித்தைக்காரர், கண்ணை மயக்கும் காட்சி, அச்சுறுத்தப்பட வேண்டிய மக்கள் ஆகிய மூன்றும் ஃபிர்அவ்னின் அரங்கிலும் இருந்தன. அல்ஜியர்ஸ் அரங்கிலும் இருந்தன. திரைப்படம் அவ்வரங்கின் பிள்ளை. ஆகவே திரையில் சூனியக்காரியைப் பார்க்கும்போது நாம் இரண்டு கண்கட்டுகளைப் பார்க்கிறோம். அவள் செய்வதாகக் காட்டப்படுவது ஒன்று. அவள் அதைச் செய்தாள் என்று கேமரா நம்மை நம்பவைப்பது மற்றொன்று. வாழ்க்கையில் ஒருத்தி சூனியக்காரி என்பதற்கு அண்டைவீட்டார் பேச்சைத் தவிரச் சான்று கிடையாது. திரையிலோ அவள் கையிலிருந்து புகை கிளம்புவதை நாமே பார்த்துவிடுகிறோம். குற்றம் சாட்டியவர்களின் சார்பில் கேமரா சாட்சி சொல்லிவிடுகிறது. பார்வையாளர் ஐயுறுவதற்கு இடமே இல்லாமற் போகிறது.

முள்ளைக் கேட்ட குழந்தை

இதற்கு மாறான படங்களும் உண்டு. அவற்றுள் மூன்றை இங்குக் குறிப்பிடுவோம்.

ஆர்தர் மில்லரின் நாடகத்தைத் தழுவி ஜான் பால் சார்த்தர் திரைக்கதை எழுத, ரேமோன் ரூலோ 1957-இல் ‘சேலத்துச் சூனியக்காரிகள்’ என்னும் பிரெஞ்சுப் படத்தை எடுத்தார். இச்சேலம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ளது. 1692-இல் அங்கே சூனியக் குற்றச்சாட்டில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். முதலில் பழி சுமத்தப்பட்ட மூவருள் தித்துபா என்னும் அடிமைப்பெண்ணும் ஒருத்தி. இப்படத்தில் கேமரா எவர் கையிலிருந்தும் புகையைக் காட்டுவதில்லை. பொய் சொல்லும் சிறுமிகளையும், அதை நம்ப விரும்பும் பெரியவர்களையும், தம் மதிப்பைக் காத்துக்கொள்ள முனையும் நீதிபதிகளையும் காட்டுகிறது.

மிஷேல் ஒசெலோவின் ‘கிரிக்கூவும் சூனியக்காரியும்’ (1998) குழந்தைகளுக்கான பிரெஞ்சுச் சித்திரப்படம். கதை மேற்காப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. இசை செனகலின் யூசு என்தூர். ஊரின் ஊற்றை வற்றச் செய்தவள் கராபா என்னும் சூனியக்காரி என்று எல்லாரும் நம்புகின்றனர். கிரிக்கூ என்னும் சிறுவன் ஊற்றுக்குள் புகுந்து பார்க்கிறான். நீரைக் குடித்து வந்தது உள்ளே அடைந்துகிடந்த ஒரு பிராணி. பெரியவர் எவரும் கேளாத ஒரு கேள்வியை அவன் விடாமல் கேட்கிறான்: கராபா ஏன் கொடியவளாக இருக்கிறாள்? ஆண்கள் சிலர் அவளைப் பிடித்து முதுகில் நச்சுமுள் ஒன்றைத் தைத்துவிட்டனர். அந்த ஓயாத வலியே அவளுடைய கொடுமை என்று மலையில் வாழும் பாட்டனார் சொல்கிறார். கிரிக்கூ பற்களால் கடித்து அந்த முள்ளைப் பிடுங்குகிறான். சூனியக்காரிக்கு முற்கதை கொடுத்த அரிய படம் இது. நம் பிள்ளைகளுக்குக் காட்டத் தகுந்ததும்கூட.

மூன்றாவது, அண்டை மொழியிலிருந்து. ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) மந்திர ஆற்றலை அது உண்மையில் குடியிருக்கும் இடத்தில் வைத்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி வரும் பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் பாழடைந்த மனையொன்றில் நுழைகிறான். அம்மனைக்கு உரியவராக மம்முட்டி நடித்தார். சோறு கிடைக்கிறது. தாயக்கட்டை ஆட்டத்தில் தன் வாழ்நாளையே பணயமாக வைத்து அவன் தோற்கிறான். வெளியேற முடியாமற் போகிறது. இங்கே மந்திரம் நிலவுடைமையின் மறுபெயர். ஃபிர்அவ்னின் அரங்கத்துக்கு அண்மையில் நிற்கும் படம் இதுவே என்பது நம் கருத்து.

நல்ல பக்கீர்

இப்படங்களில் முஸ்லிம்களாகிய நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் எது? 2009-இல் தமிழிலும் பெருவெற்றி பெற்ற ‘அருந்ததி’யில், தீய மந்திர ஆற்றல் கொண்டவனை எதிர்க்கும் நாயகிக்குத் துணை நிற்பவர் அன்வர் என்னும் பக்கீர். ‘காஞ்சனா’வில் ஒதுக்கப்பட்ட திருநங்கைக்கு அடைக்கலம் தந்து, அவளோடு உயிரையும் இழப்பவர் ஒரு பாய். வன்முறையாளராகவே முஸ்லிமைக் காட்டும் படங்களுக்கு நடுவே இவை நமக்கு ஆறுதலாகத் தோன்றுவது இயல்பு. அடைக்கலம் தந்த பாய் மதிக்கத் தக்க பாத்திரமே. மயிலிறகும் சாம்பிராணிப் புகையுமாக வரும் பக்கீரைப் பற்றி மட்டும் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பேயோட்டத் தெரிந்தவர் என்னும் புகழை ஏற்றுக்கொள்ளும்போது, பேய் பிடித்தவர் என்று முத்திரையிடப்படும் மனிதரையும் நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

இதன் விலை எத்தகையது என்பதை நாம் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். தர்காவில் தங்கினால் சூனியமும் பேயும் விலகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டுச்சென்றவர்கள் அங்கே எத்தனையோ பேர். அவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது. சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகார் 1999-இலும், ஜார்க்கண்டு 2001-இலும், ஒடிசா 2013-இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. அடித்தும் ஊர்விலக்கியும் துன்புறுத்தப்பட்ட பெண்கள் இருந்ததனால்தான் அச்சட்டங்கள் தேவைப்பட்டன.

திரைப்படமே அச்சங்கிலியைப் பூட்டியது என்று நாம் கூறவில்லை. படம் பிறப்பதற்கு முன்பே சங்கிலி இருந்தது. அதைப் பூட்டும் கைக்கு ஐயமற்ற மனத்தைத் திரை அளிக்கிறது என்பதே நம் குற்றச்சாட்டு. ‘சந்திரமுகி’யின் மூலமான மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993), ஃபாசில் இயக்கியது. அதில் கங்கை என்னும் பெண்ணின் நோயை மனநோய் என்றே மருத்துவர் கண்டறிகிறார். சடங்கு வெறும் மேடைத் தந்திரமாக, அவளைக் குணப்படுத்தும் வழியாகவே பயன்படுகிறது. பார்த்தவர்கள் பலர் நினைவில் நாட்டியப்பெண்ணின் ஆவி தங்கியதே தவிர, மருத்துவரின் சொல் தங்கவில்லை. காட்சியின் வலிமை வசனத்தின் வலிமையினும் பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தொடர்களைப் பார்க்க வேண்டாம் என்று வீட்டாருக்குக் கட்டளையிடுவதால் பயனில்லை. உடனிருந்து பார்த்து, இக்கதையில் அந்தப் பெண்ணுக்கு ஏன் முற்கதை இல்லை என்று கேட்பது பயன் தரும். எழுத்திலும் படத்திலும் ஈடுபட்டுள்ள நம் இளைஞர்களுக்கும் இங்கு ஒரு வேலை காத்திருக்கிறது. ஊர்ப்புறக் குடிசையில் தனித்து வாழும் அக்கிழவியின் கதையை அவள் பக்கத்திலிருந்து தமிழில் எடுக்க ஒருவர் வேண்டும். அவள் நிலத்தின் எல்லை எது, அதன்மேல் கண் வைத்தவர் யார், அவளைச் சூனியக்காரி என்று முதன்முதலில் அழைத்த வாய் எது என்று அப்படம் கேட்க வேண்டும்.